ஒரு மூட்டை யூரியா, இரண்டு டன் எரு

கந்தப்பளைப் பக்கம் கரட் கழுவும் இடத்தைத் தேட யாரிடமும் வழி கேட்க வேண்டாம். ஓடைத் தண்ணீர் எந்த இடத்தில் சாயம் இறங்கிய தேநீர் நிறத்துக்கு மாறுகிறதோ, அதற்குச் சற்று மேலே ஏறினால் போதும். ரப்பர் பூட்ஸ் போட்ட இரண்டு மூன்று பேர், தொட்டியில் கொட்டிய கரட்டைக் காலால் மிதித்துப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். ஒட்டி வந்த மண் கரைந்து தண்ணீரோடு இறங்கும். கரட் பளபளவென்று மூட்டைக்குள் ஏறி, இரவு லொறியில் தம்புள்ளைக்கோ பேலியகொடைக்கோ போய்விடும். மண்ணும் பயணம்தான் போகிறது, வேறு வழியில். ஓடையில் இறங்கி, ஆற்றில் சேர்ந்து, மகாவலியின் ஏதோ ஒரு நீர்த்தேக்கத்தின் அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. உமா ஓயா கொண்டுவந்து கொட்டும் வண்டலால் ரந்தம்பை நீர்த்தேக்கம் படும் பாடு பொறியியலாளர்களுக்குத் தெரியும். அந்த வண்டலில் கணிசமான பங்கு நம்முடைய மரக்கறிச் சரிவுகளின் மேல்மண்.

கரட் கழுவும்போது போவது கொஞ்சம்தான். மழை கழுவிக்கொண்டு போவதுதான் மிச்சமெல்லாம். சரிவுக்குக் குறுக்கே பாத்தி கட்டாமல் மேலிருந்து கீழாகக் கட்டிய காணியில், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால் தெரியும். பாத்திகளுக்கு நடுவே விரல் ஆழத்துக்குத் தண்ணீர் அறுத்த கோடுகள். கீழே வேலியோரம் திட்டாகக் குவிந்த மண். அதில் போன வாரம் போட்ட பசளையும் இருக்கும்.

நஞ்சில்லா உணவு, பசுமை வாழ்க்கை, பூமியைக் காப்போம் என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. நல்ல பேச்சுதான். ஆனால் கந்தப்பளையில் நின்று அந்தப் பேச்சைப் பேசுகிறவர் முதலில் எருக் கணக்குப் பார்க்க வேண்டும். நாடே அந்தக் கணக்கைப் பார்க்காமல் ஒருமுறை இறங்கி, விழுந்து எழும்பியிருக்கிறது.

நுவரெலியாவிலிருந்து இராகலைக்குப் போகும் வீதியில், ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிற சிறு நகரம் கந்தப்பளை. பார்க், கோர்ட்லோட்ஜ், கொங்கோடியா, எஸ்கடேல் என்று சுற்றிலும் தோட்டங்கள். தேயிலை விட்டுவைத்த சரிவெல்லாம் மரக்கறி: லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு, பீட்ரூட். முன்னொரு காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை குட்டி ரயில் ஓடியது. 1904 அளவில் முழுப் பாதையும் திறந்து, 1940களில் மூடிவிட்டார்கள். தேயிலைப் பெட்டிகளை இறக்கிய அதே வண்டி அரிசியையும் உரத்தையும் மேலே ஏற்றியது. வெளியிலிருந்து உரம் வந்தால்தான் இந்த மலை விளையும் என்பது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி அல்ல.

அதைக் கைக்காசு செலவழித்துக் கற்றவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய்ப் பெயர் வாங்கினாரே, அதே பேக்கர்தான். 1848இல், நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே உருவாக்குவது என்று பண்ணையாட்கள், கொல்லன், உயர்சாதி மாடு, செம்மறியாடு எல்லாவற்றையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். விதைத்த ஓட்ஸை மரையும் காட்டுப்பன்றியும் தின்றன. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. 1855இல் வெளிவந்த தம் நூலில், எரு போடாமல் இந்த மண்ணிலிருந்து ஒன்றும் எடுக்க முடியாது என்ற முடிவுக்கு வந்து சேர்கிறார். மாடு வளர்ப்பது, எரு சேர்ப்பது, பிறகு பயிர் என்று ஒழுங்கை மாற்றிக்கொண்ட பிறகுதான் அவருக்குக் கொஞ்சமாவது விளைந்தது.

காடு வெட்டிய நிலம் முதல் இரண்டு மூன்று வருடம் யாரையும் ஏமாற்றும். எதைப் போட்டாலும் வரும். தலைமுறை தலைமுறையாக இலை விழுந்து மக்கிய மேல்மண்ணின் தயவு அது. அது கரைந்த பிறகு மிஞ்சுவது அமிலம் கூடிய செம்மஞ்சள் மண். தேயிலைக்கு அந்தப் புளிப்பு பிடிக்கும், மரக்கறிக்குப் பிடிக்காது. கரட் போடுகிறவர் டொலமைட் மூட்டையைத் தேடுவது அதற்காகத்தான். கோப்பிக்காக மலைகளை மொட்டையடித்த வேகத்தைக் கண்டு, தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் எச்சரித்து எழுதினார். 5,000 அடிக்கு மேலுள்ள அரச காடுகளை விற்கக் கூடாது என்ற தடை அதைத் தொடர்ந்து வந்தது. கந்தப்பளை அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறது. இங்கே இன்று தெரியும் தேயிலையையும் லீக்ஸையும் பார்த்தால் அந்தத் தடை எவ்வளவு தூரம் காப்பாற்றியது என்று விளங்கும். மிச்சம் இருப்பது கந்தப்பளை–சீத்தா எலிய காப்புக்காடு. நம் பீலியில் தண்ணீர் விழுவது அதன் புண்ணியத்தில்.

தேயிலைத் துரைமாருக்கும் எருவின் அருமை சீக்கிரமே விளங்கியது. 1897இல் அல்ஃபிரட் பாவர் என்ற சுவிஸ்காரர் இலங்கையில் உரத்துக்கென்றே ஒரு தொழிற்சாலை தொடங்கினார். அந்தக் காலத்துத் தோட்டங்கள் போட்டது ஆமணக்குப் புண்ணாக்கு, எலும்புத் தூள், மீன் உரம். இன்றைக்கு அதே சாமானை அழகான பையில் போட்டு ‘ஓகானிக்’ என்று எழுதினால் விலை மூன்று மடங்கு! யூரியா பிற்பாடு வந்தது. மலிவாக வந்தது, சுமக்க லேசாக வந்தது. அந்த இரண்டாவது காரணத்தைத்தான் கொழும்பில் இருப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

வர்த்தமானி வந்த வருடம்

2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ முன்வைத்த கொள்கைப் பிரகடனத்தில் சேதன விவசாயம் இருந்தது. பத்தாண்டுக்குள் நாட்டை அதற்கு மாற்றுவோம் என்று இருந்தது. பத்தாண்டு என்பது மோசமான கணக்கல்ல. ஆனால் 2021 மே 6ஆம் திகதி வெளிவந்த வர்த்தமானி, இரசாயனப் பசளையும் விவசாய இரசாயனங்களும் இறக்குமதி செய்வதை உடனடியாகத் தடுத்தது. ரஜரட்டையின் சிறுநீரக நோய் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. சொல்லாத காரணம், கஜானாவில் டொலர் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புத்தி மாரம்பே போன்ற பயிரியல் பேராசிரியர்கள் பகிரங்கமாக எச்சரித்தார்கள். சேதன விவசாயத்தை வழிநடத்த ஜனாதிபதியே தெரிவுசெய்த நிபுணர்களில் ஒருவரான ஹெர்மன் குணரத்ன, தேயிலை விளைச்சலில் பாதி போய்விடும், பாதி போனதற்காக யாரும் ஐம்பது சதவீதம் கூட்டி விலை தரமாட்டார்கள் என்று சொன்னார்.

பதிலுக்கு என்ன வந்தது? சீனாவிலிருந்து ஒரு கப்பல் வந்தது. கடற்பாசி கலந்த சேதனப் பசளை 20,000 டன். மாதிரியில் பயிருக்கு ஆகாத பக்றீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுத்தடுப்புப் பிரிவு சொல்லி, அதை இறக்க விடவில்லை. ‘ஹிப்போ ஸ்பிரிட்’ என்ற அந்தக் கப்பல் கடலில் சுற்றித் திரிந்தது, வழக்கு நடந்தது, கடைசியில் ஒரு மூட்டையும் இறங்காத பசளைக்கு ஏறத்தாழ ஏழு மில்லியன் டொலர் கட்டினோம். இந்தியாவிலிருந்து போத்தல் போத்தலாக நனோ நைதரசன் வந்தது. 2021 நவம்பர் கடைசியில் தடை நீங்கியது. ஆனால் நீங்கியது சட்டத்தில்தான். மானிய விலையில் 1,500 ரூபாய்க்கு வாங்கிய யூரியா மூட்டை, 2022இல் வெளிச்சந்தையில் 40,000 ரூபாய் வரை ஏறியது. 2021இல் 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 251 மில்லியன் கிலோவுக்கு இறங்கியது. எரிபொருள் தட்டுப்பாடும் காலநிலையும் தம் பங்கைச் செய்தன என்றாலும், பசி கிடந்த செடி கொழுந்து விடாது என்பதைத் தோட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கொழுந்து குறைந்தால் கிலோ எட்டாது. கிலோ எட்டாவிட்டால் முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழாது, அரைப் பேர்தான். 2021 மார்ச்சில்தான் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாகியிருந்தது. எத்தனை பேருக்கு எத்தனை நாள் அந்த ஆயிரம் முழுதாகக் கையில் வந்தது என்பது வேறு கதை.

இப்போது எருக் கணக்கு.

யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. நன்றாக மக்கிய கூட்டெருவில் ஒரு சதவீதம், மிஞ்சினால் ஒன்றரை. அதே 23 கிலோவைக் கூட்டெருவாகக் கொடுப்பதென்றால் 2,300 கிலோ வேண்டும். இரண்டு டன்னுக்கு மேல். ஒரு மூட்டை யூரியாவை ஒரு ஆள் தோளில் வைத்துக்கொண்டு மலையேறிவிடுவார். 2,300 கிலோவை இருபது கிலோ கூடையில் சுமந்தால் 115 நடை. சரிவு என்ன சரிவு என்பது ஏறுகிற காலுக்குத் தெரியும். நூறு கிலோ தேயிலைத் தூளில் ஏறத்தாழ நாலு கிலோ நைதரசன் இருக்கிறது. ஏக்கருக்கு வருடம் 600 கிலோ தூள் எடுக்கிற மலையிலிருந்து, பெட்டிக்குள்ளேயே 24 கிலோ நைதரசன் கப்பலேறிவிடுகிறது. ஒரு மூட்டை யூரியா. மழையில் கரைவது, காற்றில் போவது எல்லாம் தனி.

சரி, மாடு வளர்க்கலாமே? வளர்க்கலாம், வளர்க்கிறார்கள். ஒரு மாடு நாளுக்குப் பத்துக் கிலோ சாணி போட்டால் வருடத்துக்கு மூன்றரை டன். அதிலுள்ள நைதரசன் பதினைந்து பதினெட்டுக் கிலோ. வருடம் முழுக்கப் புல் அறுத்துப் போட்டு வளர்த்த மாட்டின் சாணி, ஒரு மூட்டை யூரியாவைக்கூட எட்டவில்லை. மூத்திரத்தையும் சேர்த்துப் பிடித்தால் எட்டும். ஆனால் பட்டியின் தரை சிமெந்து போட்டு, வாய்க்கால் வைத்து, குழியில் சேர்த்தால்தான் அது கைக்கு வரும். நம் பட்டிகளில் அது நிலத்தில் இறங்கிவிடுகிறது. சேதன விவசாயத்துக்கு உதவி என்று யாராவது வந்தால், விதைப் பொதியும் தொப்பியும் கொடுப்பதை விட்டு நாலு மூட்டை சிமெந்து கொடுக்கலாம்.

தமிழ்நாட்டில் நம்மாழ்வார் பரப்பிய அமிர்தக் கரைசலும், கொடுமுடி மருத்துவர் நடராஜன் வடிவமைத்த பஞ்சகவ்யமும் இன்று நம் இளைஞர்களின் கைப்பேசியில் இருக்கின்றன. சாணி, கோமியம், சர்க்கரை கரைத்து ஊறவைத்து ஊற்றுகிறார்கள். மண்ணிலுள்ள உயிர்களைக் கிளப்பிவிட அவை உதவும் என்பதை ஒத்துக்கொள்ளலாம். ஆனால் இருநூறு லீற்றர் தண்ணீரில் கரைத்த பத்துக் கிலோ சாணிக்குள் இருபத்துமூன்று கிலோ நைதரசன் இருக்காது. மண்ணில் மக்கு இருந்தால் அதைச் செரிக்க வைக்கும் மருந்து அது. வெறும் மண்ணில் செரிக்க என்ன இருக்கிறது?

கோழி எரு லொறி

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கந்தப்பளை மரக்கறிக்காரரை ‘இரசாயன விவசாயி’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இந்த நாட்டில் சேதனப் பசளையை டன் கணக்கில் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறவர்களில் அவருக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. குருநாகல் பக்கத்துக் கோழிப் பண்ணைகளிலிருந்து லொறி லொறியாகக் கோழி எரு மலையேறுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த லொறிக்குப் பின்னால் வண்டி ஓட்டாதவர் இந்த வீதியில் இல்லை. கோழி எருவும் போடுவார், அதற்கு மேல் யூரியாவும் போடுவார், அடிக்கட்டுப் பசளையும் போடுவார். பயிர் வாடினால் வட்டி கட்ட முடியாது என்ற பயம்தான் காரணம், பேராசை அல்ல.

விளைவு மண்ணில் தெரிகிறது. நுவரெலியா மரக்கறி நிலங்களில் பொசுபரசு தேவைக்கு மேல் குவிந்து கிடப்பதை விவசாயத் திணைக்களத்து ஆய்வாளர்கள் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். சீத்தா எலியவில் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, கூப்பிடு தூரத்தில். மண்ணைப் பரிசோதித்துப் போட்டால் பாதிப் பசளையை மிச்சம் பிடிக்கலாம் என்ற நிலங்களுக்குக்கூட பழக்கத்தில் முழு அளவு போகிறது. 2021இன் தடை வந்தபோது, இந்தக் கூடுதலைக் குறைக்கச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள். கையிலிருந்த காசு மிச்சமாகிற காரியத்தை யார் மாட்டேன் என்பார்? ஒன்றுமே போடாதே என்றதும் வீதிக்கு இறங்கினார்கள்.

பூச்சி, நோய் விடயம் இதைவிடச் சிக்கல். மூடுபனியும் தூறலும் நாலு நாள் விடாமல் நின்றால் உருளைக்கிழங்கில் வெளிறல் நோய் இறங்கிவிடும். ஒரு வாரத்தில் காணியே கருகிப் போகும். அந்த நாட்களில் மருந்து அடிக்காமல் பொறுத்திரு என்று சொல்ல எனக்கு வாய் வராது. தேயிலையிலும் 1946இல் கொப்புள வெளிறல் நோய் இலங்கைக்கு வந்ததிலிருந்து செம்பு மருந்துதான் காப்பாற்றுகிறது. சேதன முறையிலும் செம்பை அளவோடு அனுமதிக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

அதற்காகத் தடை என்றாலே கெடுதல் என்று முடிவுகட்டவும் வேண்டாம். இதே நாடு தடைகளைச் சரியாகவும் செய்திருக்கிறது. மிகக் கொடிய பூச்சிநாசினிகளை 1995இல் நிறுத்தினார்கள். 1998இல் எண்டோசல்பான் போனது. 2008க்கும் 2011க்கும் இடையில் டைமெதோயேற், ஃபென்தியோன், பராகுவாற் மூன்றும் படிப்படியாகப் போயின. ஒவ்வொன்றாக, மாற்று என்ன என்று பார்த்துப் பார்த்து. குடித்துச் சாக அந்த நஞ்சு கைக்கெட்டாமல் போனதும், 1995க்குப் பிந்திய பத்தாண்டில் நாட்டின் தற்கொலை விகிதம் பாதியாக இறங்கியது. விளைச்சல் விழுந்ததா என்றும் ஆராய்ந்து பார்த்தார்கள். விழவில்லை. மலையகத்தில் எத்தனை வீடுகளை அந்தத் தடைகள் காப்பாற்றியிருக்கும் என்று கணக்கெடுக்க யாருமில்லை, ஆனால் ஒவ்வொரு தோட்டத்துக்கும் தெரியும்.

அவசரத் தடைக்கு 2021 முதல் உதாரணமும் அல்ல. 2015இல் கிளைபொசேற் களைகொல்லியை ஒரே வீச்சில் தடைசெய்தார்கள். புல்வெட்ட ஆள் போதாத தோட்டங்களில் மலைகள் காடேறின. காடேறிய மலையில் குளவிக் கூடு யார் கண்ணுக்குத் தெரியும்? கொட்டு வாங்கியது கொழுந்தெடுக்கப் போன பெண்கள். கம்பனிகள் வேறு களைகொல்லியைத் தேட, அதன் எச்சம் தேயிலையில் இருக்கிறது என்று ஜப்பான் கையை விரித்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடையைத் தளர்த்தினார்கள். மூன்று வருடத்தில் அந்தப் பாடமும் மறந்துவிட்டது.

லயத்துக்குப் பின்னால்

உண்மையான சேதன விவசாயத்தைப் பார்க்க வேண்டுமானால் பெருங்காணிகளை விட்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் வர வேண்டும். இஸ்தோப்பைத் தாண்டி, கோடிப்பக்கம் இறங்கினால் ஐந்து பத்துப் பேர்ச்சில் ஒரு துண்டு. இரண்டு பாத்தி லீக்ஸ், ஒரு பாத்தி கோவா, வேலியில் போஞ்சி, மூலையில் மரத்தக்காளி. பக்கத்தில் மாட்டுப் பட்டி. நாலரைக்குக் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பிறகு, இருட்டுவதற்குள் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் பார்க்கிற விவசாயம் இது. பார்ப்பது பெரும்பாலும் பெண்கள்.

இங்கே எருக்குவியல் கட்டுவதற்கும் கைப்பக்குவம் வேண்டும். கீழ்நாட்டில் மூன்று மாதத்தில் மக்குவது இந்தக் குளிரில் நாலைந்து மாதம் இழுக்கும். குவியல் சிறிதாக இருந்தால் சூடே பிடிக்காது. நாலடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரமாவது வேண்டும். அடியில் சுள்ளி, அதன் மேல் காய்ந்த மானாப்புல் ஒரு படை, லீக்ஸ் தோகையும் கோவா இலையும் ஒரு படை, சாணிக் கரைசல், அடுப்புச் சாம்பல், மறுபடி புல். காய்ந்ததும் பச்சையும் சேர்ந்தால்தான் வேகும். பச்சை கூடினால் நாறும், காய்ந்தது கூடினால் அப்படியே கிடக்கும். மேலே கறுப்புப் பொலித்தீன் போட்டு ஓரத்தில் கல் வைக்காவிட்டால் ஒரு மழையில் சத்தெல்லாம் காணுவில் ஓடிவிடும். ஒரு வாரம் கழித்து அலவாங்கைக் குவியலின் நடுவில் குத்தி, பத்து நிமிடம் விட்டு இழுத்துத் தொட்டுப் பார்க்கிறார்கள். கை பொறுக்காத சூடு என்றால் வேலை நடக்கிறது. வெதுவெதுப்பு என்றால் முள்ளால் பிரித்துப் புரட்டி, மறுபடி கட்ட வேண்டும். நல்ல குவியல் 60 பாகை வரை சூடேறும். களை விதையும் நோய்க்கிருமியும் அந்தச் சூட்டில் சாகும். விடியற்காலைப் பனியில் அதிலிருந்து ஆவி எழும்புவதைப் பார்த்து, தீப்பிடித்துவிட்டதோ என்று புதிதாக வந்தவர்கள் பதறுவதுண்டு.

கொஞ்சம் கீழிறங்கினால் வீதியோரமெல்லாம் மஞ்சளாகப் பூத்து நிற்கும் காட்டுச் சூரியகாந்தி இலவசமாகக் கிடைக்கிற பசுந்தாள். அதன் இலையில் நைதரசன் கூட்டெருவைவிட மிக அதிகம். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம், பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் உடனே புதுக் கன்று வைக்காமல் குவாட்டமாலாப் புல்லை வளர்த்து, ஒன்றரை இரண்டு வருடம் மண்ணைத் தேற்றச் சொல்கிறது. அந்த இரண்டு வருடம் அந்த மலையிலிருந்து ஒரு சதமும் வராது. அதனாலேயே அவசரக்காரர்கள் அதைத் தவிர்க்கிறார்கள்.

மண்ணைத் தேற்றுவது காலத்தை முதலாகப் போடுகிற வேலை. காலத்தைப் போட நிலம் கையில் இருக்க வேண்டும். லயத்துக்குப் பின்னாலிருக்கும் அந்தத் துண்டு யாருடையது? தோட்டத்துடையது. தோட்டம் அரசுடையது, கம்பனிக்குக் குத்தகை. 1992இலிருந்து அப்படித்தான். பாத்தி கட்டுகிற பெண்ணுக்கு அதில் எழுத்து எதுவும் இல்லை. தாத்தா போட்ட சாணி, அம்மா போட்ட சாணி, தான் போட்ட சாணி என்று மூன்று தலைமுறை மக்கு அந்தத் துண்டில் இருந்தாலும், நாளைக்கு வேறு தேவைக்கு வேண்டும் என்றால் விட்டுக் கொடுக்க வேண்டியதுதான். வெளியே ஒரு போகத்துக்குக் காணி எடுத்து லீக்ஸ் போடுகிற இளைஞன் நிலைமையும் அதுதான். அடுத்த போகம் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவன், சரிவில் கல்லணை கட்டுவானா, வேலியோரம் மரம் நடுவானா, ஐந்து வருடம் கழித்துப் பலன் தரும் எருவைக் கொட்டுவானா? இந்தப் போகத்தில் எடுக்க முடிந்ததை எடுப்பான். யூரியா அவனுக்குப் பொருத்தமான உரம், ஏனென்றால் அது இந்தப் போகத்துக்கு மட்டும்தான் வேலை செய்யும்.

மலையக மக்கள் வந்து இருநூறு வருடமானதை 2023இல் நினைவுகூர்ந்தோம். ஏழு பேர்ச் வீட்டுக் காணியைப் பற்றிய பேச்சு அதற்கும் முன்பிருந்து நடக்கிறது. ஏழு பேர்ச்சில் வீடு கட்டலாம், நாலு மிளகாய்க் கன்று வைக்கலாம். மாட்டுக்குப் புல் எங்கே வளர்ப்பது? என்னைக் கேட்டால், சேதன விவசாயத்துக்கான முதல் சட்டம் உரத்தைப் பற்றியதாக இருக்கக் கூடாது. நீண்டகாலக் குத்தகைப் பத்திரத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

சரிவைப் பராமரிக்க ஆளில்லாததை மழையும் காட்டிக்கொடுக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் நாடு முழுக்க அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலைச்சரிவுகள் இடிந்து அதிகம் இழந்த மாவட்டங்களில் நுவரெலியாவும் ஒன்று. அப்படிப்பட்ட மழைக்கு முன்னால் மலையே நழுவும்போது, பாத்தியைக் குறுக்கே கட்டியிருந்தால் தப்பியிருக்கலாம் என்று சொல்வது பொய். ஆனால் காணு வெட்டாத, தூர் வாராத மலையில் சாதாரண மழைகூடத் தன் வழியைத் தானே வெட்டிக்கொள்கிறது. வெள்ளைக்காரன் காலத்துக் காணுகளில் பாதி இன்று புல் மூடிக் கிடக்கின்றன. காணுவெட்டு ஆளுக்குப் பேர் போடுவது செலவு என்று கம்பனி கணக்கில் நிற்கிறது.

சிக்கிமைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் 2021இல் நம் அரசியல்வாதிகள் அடிக்கடி அந்தப் பெயரை எடுத்தார்கள். அதுவும் மலைநாடு, அங்கும் தெமி என்ற தேயிலைத் தோட்டம் இருக்கிறது, முழுக்கச் சேதன முறையில். ஆனால் சிக்கிம் 2003இல் தொடங்கி 2016 ஜனவரியில்தான் சேதன மாநிலமாக அறிவிக்கப்பட்டது. பதின்மூன்று வருடம். உர மானியத்தை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். அங்கே உழவருக்குச் சொந்தக் காணி இருந்தது, முன்பும் யூரியா அதிகம் போட்டதில்லை. அப்படியிருந்தும் உழவர்கள் விலை கிடைக்கவில்லை என்று முறையிடுகிறார்கள், மரக்கறி சிலிகுரியிலிருந்து ஏறத்தான் செய்கிறது.

விலை என்றதும் நம்முடைய ஹெதர்செட் தோட்டம் நினைவுக்கு வருகிறது. அதன் தேயிலை 1891இல் இலண்டன் ஏலத்தில் சாதனை விலைக்குப் போனது. கந்தப்பளை மேட்டில் நிற்கும் அதன் பழைய தொழிற்சாலை மூடிக் கிடந்து, 1996இல் ஹோட்டலானது. சுற்றியுள்ள தேயிலை சேதன முறையில் வளர்கிறது, விருந்தினர்கள் தாங்களே கொழுந்து கிள்ளி அனுபவிக்கலாம். அங்கே சேதனத் தேயிலை நிற்க முடிகிறது, ஏனென்றால் அந்தத் தேநீருக்கான விலையை அறை வாடகையோடு சேர்த்துக் கொடுக்க ஆள் இருக்கிறார். ஐரோப்பாவுக்குப் போகும் சேதனத் தேயிலைக்கும் அப்படி ஒரு ஆள் இருக்கிறார். ஆனால் சான்றிதழ் கைக்கு வரத் தேயிலை போன்ற நீண்டகாலப் பயிருக்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று வருடமும் விளைச்சல் குறையும், விலை ஏறாது. கம்பனி தாங்கும். சிறுகாணிக்காரர் எதை வைத்துத் தாங்குவார்?

லயத்துப் பெண்ணின் லீக்ஸுக்கு அந்த ஆளும் இல்லை. மருந்தடிக்காத லீக்ஸ் கொஞ்சம் மெலிந்திருக்கும், தோகையில் பூச்சி கடித்த அடையாளம் இருக்கும். தரகர் அதைத் தனியாகத் தள்ளி வைப்பார், அல்லது விலையைக் குறைத்துக் கேட்பார். நகரத்தில் நஞ்சில்லா மரக்கறி வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், கொடுக்கப் பணமும் வைத்திருக்கிறார்கள். இருவருக்கும் நடுவில் இருப்பது நுவரெலியா பொருளாதார மத்திய நிலையமும் ஒரு லொறியும். அந்த லொறியில் அவருடைய லீக்ஸும், வாரத்துக்கு இருமுறை மருந்தடித்த லீக்ஸும் ஒரே மூட்டையில்தான் ஏறுகின்றன. சேதன மரக்கறிக்கென்று கிழமைக்கு ஒருநாள் தனிக் கடையோ, தனித் தராசோ, ஒரு சிறிய வண்டியோ கந்தப்பளைக்கு இன்னும் வரவில்லை.